ஆவுடையாள்பேரி மறுகாலில் என் மனுவின் பேரில் கட்டப்பட்ட சுவர்

அனுப்புநர்:
கோ. குழல்வாய்மொழி (வயது 75),
க/பெ. காலஞ்சென்ற சுந்தரபாண்டியன்,
குளத்துக் கீழத் தெரு, இலஞ்சி,
தென்காசி வட்டம்.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
ஆவுடையாள்பேரி பறவைகள் காப்பிட மேலாண்மைக் குழு,
தென்காசி.

பொருள்: ஆவுடையாள்பேரி மறுகால் சுவர் – எனது முந்தைய மனுவைத் திரும்பப் பெறுதல் – தற்காலிகக் காவலர் திரு. சங்கரபாண்டி மீதான நடவடிக்கையைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 12.09.2022.
2. திரு. சங்கரபாண்டியின் மனு, நாள் 04.12.2023.
3. தங்கள் குழுவின் விசாரணைக் குறிப்பு, நாள் 20.03.2025.

மதிப்பிற்குரிய உறுப்பினர் செயலர் அவர்களுக்கு வணக்கம்.

1. பார்வை 3-இல் கண்ட குறிப்பின் இரண்டாம் பத்தியில், மறுகால் சுவரைத் திரு. சங்கரபாண்டி உடைத்தது குறித்து "இலஞ்சியைச் சேர்ந்த மூத்த பெண்மணி ஒருவர் வாய்மொழியாகப் புகார் செய்ததன் பேரில்" நடவடிக்கை தொடங்கியதாக எழுதப்பட்டுள்ளது. பெயர் குறிப்பிடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்ற மூத்த பெண்மணி நான் ஒருத்திதான். இலஞ்சியிலும் மேலகரத்திலும் இப்போது எல்லோரும் அப்படியே சொல்கிறார்கள். அது உண்மையன்று. அவர்மீது நான் யாரிடமும் புகார் செய்யவில்லை. வாய்மொழியாகப் புகார் செய்வது என் வழக்கமும் அன்று. நான் பாளையங்கோட்டையில் கன்னியர் நடத்திய பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவள். சொல்ல வேண்டியதை எழுதி, நாளிட்டு, முழுப்பெயரில் கையொப்பமிட வேண்டும் என்று அங்கே கற்பித்தார்கள். அதை இன்றுவரை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

2. எனினும் இந்தத் திருத்தத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மை சொன்னவளாவேன். மீதிப் பாதி எனக்குப் பெருமை தருவதன்று. சங்கரபாண்டி உடைத்த அந்தச் சுவர் கட்டப்பட்டதே எனது மனுவின் பேரில்தான்.

3. குழுவில் புதிதாகச் சேர்ந்துள்ள உறுப்பினர்களுக்காக மறுகாலைப் பற்றிச் சில வரிகள் எழுத வேண்டியிருக்கிறது. குளம் நிறைந்த பின் மிகுதி நீர் வழிந்து கீழ்க்குளத்துக்குப் போகும் கல் தளமே மறுகால். நம் குளத்து மறுகாலின்மேல் பதினொரு குத்துக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு இடையே பத்து இடைவெளிகள். ஒவ்வொன்றையும் கண் என்பார்கள். திருக்கார்த்திகை முடிந்து பெருமழை ஓய்ந்ததும், நீர்பாய்ச்சியும் ஊராரும் அந்தப் பத்துக் கண்களையும் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். இதனால் குளத்தில் இரண்டடி நீர் கூடுதலாக நிற்கும். மாசி மகத்தன்று காலையில் அந்த அடைப்பைப் பிரித்துவிடுவார்கள். மேல் இரண்டடி நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்க்குளத்துக்கு இறங்கும். பிசான நெல் அறுவடைக்கு நிற்கும் காலம் அது. வயலுக்கு நீர் தேவையில்லை. நீர் ஏறி இறங்கும் உட்புறத் தாழ்வான பகுதியாகிய குளத்தின் மேற்கு உள்வாய் அகலமான சேற்றுப் பரப்பாக வெளியே தெரியத் தொடங்கும். சங்கரபாண்டி நீர்பாய்ச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். குளம் காப்பிடமான பிறகு குழுவே அவரைத் தற்காலிகக் காவலராக வைத்துக்கொண்டது.

4. இந்த வழக்கம் எனக்கு ஒழுங்கற்றதாகப் பட்டது. ஆண்டுதோறும் வைக்கோலும் சேறும் மறுகாலில் வழிந்து கிடப்பதையும், இரண்டு மூன்று கண்கள் எப்போதும் ஒழுகிக்கொண்டிருப்பதையும் என் வீட்டு மாடியிலிருந்து பார்த்து வந்தேன். 2021-இல் குளம் காப்பிடமாக அறிவிக்கப்பட்டதும், இனியாவது இதைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்று கருதினேன். எனவே 12.09.2022 அன்று நான்கு பக்கத்தில் மனு எழுதினேன். பத்துக் கண்களையும் நிரந்தரமாகச் சிமென்ட் சுவரால் அடைத்தால் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும், நீர் நின்றால் பறவைகள் தங்கும் என்பது என் வாதம். மனு நன்றாக எழுதப்பட்டிருந்தது. அதை இப்போது படிக்கும்போதும் ஒரு வாக்கியத்தைக்கூட மாற்றத் தோன்றவில்லை. அதன் முடிவு மட்டும் தவறு.

5. 2023 மே மாதம் சுவர் கட்டி முடிக்கப்பட்டது. வடக்கிலிருந்து ஐந்தாவது கண்ணில் ஒரு பளிங்குக் கல் பதிக்கப்பட்டது. அதில் "இலஞ்சி திருமதி கோ. குழல்வாய்மொழி அவர்களின் கோரிக்கையை ஏற்று" என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. செங்கோட்டையிலிருந்து என் தங்கை வந்தபோது அவளை அழைத்துப் போய்க் காட்டினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்தவர்கள் குளத்தையும் எட்டிப் பார்த்து, கண்ணாடி போல் நிறைந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நானும் அவ்வாறே எண்ணினேன்.

6. 2009 முதல் சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்குக் கிழக்குக் கரையில் நின்று பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறேன். என் கணவர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த தொலைநோக்கி என்னிடம் இருக்கிறது. முதல் பத்தாண்டு இருவரும் எண்ணினோம். பின்பு நான் மட்டும். மாசி, பங்குனி மாதங்களில் வடக்கே திரும்பிப் போகும் உள்ளான்களும் கருவால் மூக்கன்களும் நம் குளத்துச் சேற்றில் இரண்டு மூன்று வாரம் இறங்கி, புழுவும் நத்தையும் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு போகும். அவற்றுக்கு ஆழ்ந்த நீரால் பயனில்லை. கால் அமிழும் சேறும், விரற்கடை நீரும் வேண்டும். ஒரே நாளில் நான் எண்ணிய அதிக அளவு, 2022 மாசியில் 640. 2023 மாசியில், சுவர் வருவதற்கு முன், 585. 2024-இல் 31. இந்த ஆண்டு மார்ச் 15 வரை ஒன்றுகூட இறங்கவில்லை. கருவால் மூக்கன்கள் 22.02.2025 அன்று வந்தன. எழுபது இருக்கும். குளத்தை இரண்டு முறை வட்டமிட்டுவிட்டு, இறங்காமல் கிழக்கே போய்விட்டன. என் கணவர் இறந்த ஆண்டில் அவை மாசி ஒன்பதாம் நாள் வந்து இறங்கின. இந்த மனுவுக்குத் தொடர்பில்லாததால் அதற்கு மேல் எழுதவில்லை.

7. சேறு பின்னர் வெயிலில் தானாகத் தெரியுமே என்று கேட்கலாம். தெரிகிறது, வைகாசியில். சிற்றாற்று வாய்க்காலில் பங்குனி வரை வரத்து இருப்பதால், மடை வழியாக வெளியேறும் நீரை அது ஈடுகட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு நீர் வற்றிச் சேறு தெரியும்போது பறவைகள் போய்விட்டிருக்கும். ஆனியில் சாரல் வந்து மறுபடி மூடிவிடும். உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களின் நிலை இதைவிட மோசம். நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டுவது அவற்றில்தான். முன்பு ஆண்டில் நான்கு மாதமாவது அவற்றின் வேர் காற்றைக் கண்டது. இந்த இரண்டாண்டில் ஒரு மாதம்கூட முழுதாகக் காணவில்லை. அறுபத்திரண்டு மரங்களில் பத்தொன்பது பட்டுப்போய்விட்டன. சென்ற ஆண்டு கூட்டோடு முறிந்து விழுந்த மரம் ஒன்றை நானே பார்த்தேன். குஞ்சுகள் நீரில் கிடந்தன.

8. இவற்றையெல்லாம் நான் கண்டுபிடித்ததாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. 2023 டிசம்பரிலேயே, சுவர் வந்து ஏழு மாதத்தில், சங்கரபாண்டி இதைத் தங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் சொல்ல, அவர் மகள் ஜெயபிரியா எழுதிய மனு அது. அதற்கு ஒப்புகைச் சீட்டும் தரப்படவில்லை, பதிலும் வரவில்லை. அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். ஒன்றரைப் பக்கம்தான். மாசியில் சேறு தெரியாது, உள்வாய் மரம் சாகும், கீழ்க்குளத்துக்காரர்கள் தங்கள் நீரைக் கேட்பார்கள் என்று மூன்றும் அதில் முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கின்றன. நான்கு எழுத்துப் பிழைகள் உள்ளன. அவற்றைத் திருத்தாமலே இணைத்திருக்கிறேன். என் நான்கு பக்க மனுவைவிட அது தெளிவானது.

9. இனி 18.03.2025, செவ்வாய்க்கிழமை நடந்தது. காலை ஏழரை மணிக்கு மாடியிலிருந்து பார்த்தபோது சங்கரபாண்டி மறுகாலில் கடப்பாரையால் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். மறைவாக அல்ல, பட்டப்பகலில், தோள் துண்டைக் குத்துக்கல்மேல் போட்டுவிட்டு. நான் குடையை எடுத்துக்கொண்டு போனேன். சத்தம் போட்டேன் என்று சொல்கிறார்கள். அது உண்மை. "சங்கரபாண்டி, நிறுத்தும்" என்று உரக்கச் சொன்னேன். அவர் நிறுத்தினார். எங்களுக்குள் நடந்த பேச்சைக் குழு அறிய வேண்டும் என்பதால், அவருடைய சொற்களைத் திருத்தாமல் அப்படியே தருகிறேன்.

"மகம் போயி ஆறு நாளாச்சு ஆச்சி. எல்லாரும் குளம் நெறைஞ்சு நிக்கத மட்டுந்தான் பாக்காவ. அது வத்துததுக்கும் ஒரு காலம் வேணும்லா?" என்றார்.

குறை இருந்தால் மனு கொடுத்து முறைப்படி இடிக்க வேண்டும், கடப்பாரையை எடுப்பது முறையன்று என்றேன்.

"நானும் ஒண்ணு போட்டேன் ஆச்சி. ஒங்க மனுவுக்குச் சுவரு வந்துச்சு. எம் மனுவுக்கு ஒரு சீட்டுகூட வரல" என்றார்.

அவர் மனு கொடுத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியும். அவர் ஆறாவது கண்ணை இடித்துக்கொண்டிருந்தார். பளிங்குக் கல் உள்ள ஐந்தாவது கண்தான் நடுவில் ஆழமானது. இடிப்பதானால் அதைத்தானே இடித்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அதுல ஒங்க பேருல்லா இருக்கு. அது மேல கடப்பாரையப் போடச் சொல்லுதியளா?" என்றார்.

பிறகு வேலையைத் தொடர்ந்தார். நான் தடுக்கவில்லை. நீர் போகத் தொடங்கும் வரை அங்கேயே நின்றேன். ஏறக்குறைய அரைமணி நேரம். அவர் ஓடவில்லை. தங்கள் அலுவலர்கள் வரும் வரை குத்துக்கல்லில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களிடம் கடப்பாரையையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

10. புகார் எப்படிப் போனது என்பதையும் விசாரித்தேன். மறுகால் பாலத்தருகே பெட்டிக்கடை வைத்திருக்கும் திரு. பாண்டிராஜ், "ஆச்சி கொடையோட நின்னு சத்தம் போடுதாவ, சீக்கிரம் வாங்க" என்று தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். நான் நிற்பதைப் படமெடுத்துப் பலருக்கும் அனுப்பியிருக்கிறார். நான் கடைக்குப் போய்க் கேட்டபோது வருத்தம் தெரிவித்தார். "சுவரு கெட்டச் சொன்ன ஆளு நீங்க. ஒடைக்கதப் பாத்துக் கோவமா நிக்கியன்னு நெனச்சிட்டேன் ஆச்சி, நா என்னத்தக் கண்டேன்" என்பது அவர் விளக்கம். அவர்மீது எனக்குக் குறையில்லை. அந்தச் சுவரில் என் பெயர் இருக்கும் வரை யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அவர் எழுதிக் கையொப்பமிட்ட விளக்கமும் இணைக்கப்பட்டுள்ளது.

11. ஆனால் நான் பாண்டிராஜிடம் போய்க் கேட்பதற்கு முன்பே, மார்ச் 23 அன்று மாலை, ஜெயபிரியா விசாரணைக் குறிப்பின் நகலோடு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். தென்காசியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "எங்க அப்பா மேல நீங்கதான் சொன்னீங்களா ஆச்சி? சண்டைக்கு வரல. கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றாள். இல்லை என்றேன். சரி ஆச்சி என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. நம்ப வேண்டிய காரணம் எதையும் நான் அதுவரை அவளுக்குக் கொடுத்திருக்கவில்லை. இம்மனுவை எழுத முடிவு செய்தது அன்றுதான். எழுதி முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. என் முந்தைய மனு இரண்டு நாளில் முடிந்தது.

12. ஒரு கண் திறந்து இன்றோடு இருபது நாள். அளவுக்கல்லில் நீர்மட்டம் ஒன்பது அங்குலம் இறங்கியிருக்கிறது. எந்த வயலுக்கும் சேதமில்லை. கீழ்க்குளத்தில் நீர் ஏறியிருக்கிறது. மேற்கு உள்வாயில் இருபது முப்பது அடி அகலத்தில் சேறு தெரிகிறது. கடந்த சனிக்கிழமை, ஏப்ரல் 5 அன்று, அந்தச் சேற்றில் உள்ளான்கள் நாற்பத்தாறு இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். கருவால் மூக்கன்கள் இல்லை. அவற்றின் காலம் இவ்வாண்டுக்கு முடிந்துவிட்டது.

13. குழுவின் குறிப்பில் "காப்பிடத்தின் நீரை வெளியேற்றிப் பறவைகளின் வாழிடத்துக்கு ஊறு விளைவித்தார்" என்று சங்கரபாண்டி மீது குற்றம் சாட்டப்பட்டுள்ளது. வாழிடத்துக்கு ஊறு விளைந்தது உண்மை. அது 2023 மே மாதம் விளைந்தது. அதற்குக் காரணம் நிறைந்த குளமே நல்ல குளம் என்று நம்பியதுதான். குழு அப்படி நம்பியதற்கு என் மனு ஒரு காரணம். கடப்பாரையை எடுத்தது முறையன்று என்று அன்று சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு எச்சரிக்கை செய்வது குழுவின் உரிமை. ஆனால் முறைப்படி மனு கொடுத்துப் பதினைந்து மாதம் பதிலுக்குக் காத்திருந்தவரை, முறை தெரியாதவர் என்று வேலையிலிருந்து நீக்குவதும் காவல் துறையிடம் ஒப்படைப்பதும் நேர்மையாகாது. இந்தக் குளம் எப்போது நிறைய வேண்டும், எப்போது வற்ற வேண்டும் என்று அறிந்தவர் காப்பிடத்தில் இன்று அவர் ஒருவரே. அவரை அனுப்பிவிட்டால் அடுத்த மாசியில் இதைச் சொல்ல ஆள் இருக்காது. நான் சொல்வேன் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கே தாமதமாகத்தான் விளங்கியது.

14. 21.04.2025 அன்று கூடும் குழு, உடைந்த கண்ணை மறுபடி சிமென்ட் வைத்து அடைப்பதையும், சங்கரபாண்டியின் நீக்கத்தையும் முடிவு செய்யும் என்று அறிகிறேன். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்.

(அ) எனது 12.09.2022 நாளிட்ட மனு திரும்பப் பெறப்பட்டதாகப் பதிவு செய்ய வேண்டும்.

(ஆ) விசாரணைக் குறிப்பின் இரண்டாம் பத்தியில் என்னைப் பற்றிய வாக்கியத்தை நீக்க வேண்டும். விசாரணை தொடருமானால், சுவரைக் கேட்டவள் என்ற முறையில் என் பெயரைச் சங்கரபாண்டியின் பெயருக்கு முன்னால் சேர்க்க வேண்டும். நேரில் வந்து விளக்கம் தருகிறேன். படியேற முடியும்.

(இ) சங்கரபாண்டியைக் காவலர் பணியில் தொடரச் செய்ய வேண்டும். அவர்மீது காவல் துறைக்குப் புகார் அனுப்பக் கூடாது.

(ஈ) திறந்த கண்ணை அடைக்கக் கூடாது. மீதி ஒன்பது கண்களையும் வரும் சாரலுக்கு முன் திறந்து, முன்புபோல் கார்த்திகைக்குப் பின் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைக்கவும், மாசி மகத்தன்று பிரிக்கவும் அவரிடமே பொறுப்பு அளிக்க வேண்டும். அது ஒழுகும். ஒழுகட்டும்.

(உ) ஐந்தாவது கண்ணில் உள்ள பளிங்குக் கல்லை முதலில் அகற்ற வேண்டும். அது இருக்கும் வரை சங்கரபாண்டி அந்தக் கண்ணில் கை வைக்க மாட்டார். அகற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை என்பதற்கு இக்கடிதமே சம்மதம்.

15. கூட்டத்தின் முடிவை மேற்கண்ட முகவரிக்கு அஞ்சலில் தெரிவிக்க வேண்டும். அதன் பிரதி ஒன்றைத் திரு. சங்கரபாண்டிக்கும் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். இருவருக்கும் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இடம்: இலஞ்சி
நாள்: 07.04.2025

(கையொப்பம்)
கோ. குழல்வாய்மொழி